டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள்

2025 ஜூன் மாதம் கோயம்புத்தூரில் என் ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line) காருக்கு நான்கு டயரையும் மாற்றினேன். நான்குமே வருஷக்கணக்கில் கிடந்த பழைய சரக்கு என்று தெரிய ஐந்து வாரம் ஆனது. அதுவும் வால்பாறை மலைப்பாதையில் மழையில் வண்டி வழுக்கிய பிறகுதான். கூட மனைவியும் பையனும் இருந்தார்கள். இன்னொரு குடும்பத்துக்கு இது நடக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

வண்டியோடு வந்த டயர்கள் 42,000 கிலோமீட்டர் ஓடி, டயர் பள்ளத்துக்குள், மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று காட்டும் 1.6 மில்லிமீட்டர் தேய்மானக் கட்டையைத் தொட்டுவிட்டன. சைஸ் 195/55 ஆர்16. 120 குதிரைத்திறன் டர்போ எஞ்சின், விறைப்பான சஸ்பென்ஷன், வளைவில் ஓட்டவென்றே செய்த வண்டி. டயரில் காசு பார்க்க வேண்டாம் என்று ஒரு மாதம் விசாரித்தேன். மிஷ்லினா, கான்டினென்டலா, யோகோஹாமாவா? சத்தம் குறைவதா, பிடிப்பு கூடுவதா? கடைசியில் ஈரத்தில் பிடிப்புதான் முதலில் என்று முடிவு செய்து, உள்பக்கம் ஒரு வடிவமும் வெளிப்பக்கம் வேறு வடிவமுமாகப் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) வெட்டிய ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்தேன்.

கடைக்காரர், "அது வர பத்து நாள் ஆகுமுங்க. அதே கம்பெனியில இதைவிட நல்லது கையில இருக்குது, ஒண்ணுக்கு ஆயிரம் குறைச்சுக்கலாம்" என்றார். பில் கேட்டேன். பில் போட்டால் 28 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்றார் (அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல்தான் அது 18 ஆனது). எஸ்டிமேட் சீட்டு போதும் என்று நானும் ஒத்துக்கொண்டேன். அது என் தவறு. ஒரு டயர் 8,200 ரூபாய். "காபி குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினார்; திரும்பி வந்தபோது நான்கும் மாட்டி முடித்திருந்தது. பாலிஷ் போட்டுக் கன்னங்கரேலென்று இருந்தது. புது டயரில் முள் முள்ளாக நிற்குமே, அந்த ரப்பர் முடிகூட இருந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஜூலையில் வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ரோடு காய்ந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது அட்டகட்டிக்குக் கீழே தூறல். வேகம் முப்பதுக்குள்தான் இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், வண்டியின் மூக்கு நேராகவே போனது. பிரேக் பெடல் காலுக்கடியில் படபடவென்று அடித்தது. எதிரே பஸ் எதுவும் வராததால் தப்பித்தோம். பையன் பொள்ளாச்சி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பொள்ளாச்சியில் ஒரு அலைன்மென்ட் கடையில் நிறுத்தினேன். வண்டியைத் தூக்கி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்த தம்பி, "இது எப்பங்ணா போட்டீங்க?" என்று கேட்டார். போன மாசம் என்றேன். "3120னு இருக்குதுங்ளே."

டயரின் பக்கச் சுவரில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் டயரின் பிறந்த தேதி. 3120 என்றால் 2020ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். மூன்று டயர் அது, ஒன்று 0821. நிறைய டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். எனக்குத் தள்ளிவிட்ட மாடலுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதம் கிடையாது, எப்படித் திருப்பியும் மாட்டலாம். நான்கிலும் தேதி உள்பக்கம் போயிருந்தது. ஒன்று அப்படிப் போனால் தற்செயல் என்று விடலாம். நான்கும் எப்படிப் போகும்?

ஓடாத டயருக்கும் வயதாகும். காற்றும் வெயிலும் சூடும் பட்டு ரப்பர் இறுகிப்போகும். பட்டன் ஆழம் புதிது போலவே இருக்கும், ஆனால் ஈர ரோட்டைப் பிடிக்கும் மென்மை போயிருக்கும். என் டயர்களில் பள்ளத்தின் அடியில் மயிரிழை போல வெடிப்பு ஓட ஆரம்பித்திருந்தது. ஆறு மாதம், எட்டு மாதம் பழையது என்றால் நான் கவலைப்பட மாட்டேன். ஒரு வருடம் தாண்டினால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். தகரக் கொட்டகையில் ஐந்து கோடை கிடந்ததைப் புதிது என்று விற்பது ஏமாற்று வேலை.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ஓடாத டயர் புதுசுதானுங்க" என்றார். அப்புறம், ஒன்றுக்கு 1,500 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதை இன்னொருவர் தலையில் கட்டுவார் என்று தெரிந்ததால் கொடுக்கவில்லை. கம்பெனி வாரன்டிக்குப் போனால் முதலில் கேட்பது பில். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். என் கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டும் பணம் அனுப்பிய ரசீதும், தேதி தெரிகிற நான்கு போட்டோவும்தான்.

இப்போது வேறு கடையில் முதலில் தேர்ந்தெடுத்த மாடலையே போட்டுவிட்டேன். இந்த முறை காபி குடிக்கப் போகவில்லை. டயர் தரையில் கிடக்கும்போதே இரண்டு பக்கமும் புரட்டித் தேதி பார்த்து, சைஸுக்குப் பக்கத்தில் 87 வி (தாங்கும் எடை, வேகத்துக்கான குறியீடு) என்று இருப்பதையும் சரிபார்த்து, டயர் எண்களைப் பில்லில் எழுதச் சொல்லி வாங்கினேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. அவரே டார்ச்சைப் பிடித்துக் காட்டினார்.