ரெஸ்யூம் எழுதித் தருகிறோம் என்று 7,080 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்

இன்று காலையோடு அவர்களுடைய தொலைபேசி எண்ணும் அணைந்துவிட்டது. வேறு யாரும் இதில் விழக் கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் கணக்கு பார்த்தேன். ஆர்டர் குறைந்தது, ஆட்களைக் குறைத்தார்கள். வேலை தேடும் இணையதளம் ஒன்றில் பயோடேட்டாவைப் பதிவேற்றிய மூன்றாம் நாள், அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி ஒரு பெண் அழைத்தார். எடுத்த எடுப்பில் பணம் கேட்கவில்லை. "சார், அப்பா பெயர், மதம், திருமணமானவரா என்பதெல்லாம் முதலில் எதற்கு? டேலி கணக்கு மென்பொருள் தெரியும், மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி வரிப் படிவம் தாக்கல் செய்திருக்கிறீர்கள். அதைக் கொண்டுபோய் இரண்டாம் பக்கத்தின் அடியில் வைத்திருக்கிறீர்களே" என்றார். அத்தனையும் சரி. என் பயோடேட்டாவை ஒருவர் வரி வரியாகப் படித்திருக்கிறார் என்பதிலேயே மனம் இளகிவிட்டது. ரெஸ்யூமைப் புதிதாக எழுதித் தரக் கட்டணம் 6,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 1,080, ஆக 7,080 ரூபாய். மனைவியின் சீட்டுப் பணத்தை எடுத்து அன்றிரவே ஜிபேயில் அனுப்பினேன்.

ஆறு நாள் கழித்து வந்ததைப் பார்த்து வயிறு எரிந்தது. பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்து, நீல நிறப் பட்டை போட்டு, டேலிக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். நான்கு நட்சத்திரத்தை வைத்து எந்த முதலாளி என்ன புரிந்துகொள்வார்? எட்டு ஆண்டு உழைப்பு இரண்டே வரி. தொலைபேசி எண்ணைப் படமாக ஒட்டியிருந்தார்கள். பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் மென்பொருள்தான் படிக்கிறது, படத்துக்குள் இருக்கும் எண் அதன் கண்ணில் படாமலே போகலாம். எல்லாவற்றுக்கும் மேல், பணியாற்றிய இடம் புனே என்று இருந்தது. நான் புனேயை மிதித்ததே இல்லை. யாருக்கோ எழுதியதில் என் பெயரை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

கேட்டால், "எழுதுபவர் விடுப்பில் இருக்கிறார்." மறுநாள், "திருத்தத்துக்குத் தனியாக 1,500 ரூபாய்." அதற்கு மறுநாள் ஓர் ஆண் குரல்: "வடிவமைப்பு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நாங்கள் என்ன செய்ய முடியும்?" அப்போதுதான் ரசீதை எடுத்துப் பார்த்தேன். ஜிஎஸ்டி வசூலித்த ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. பணம் போனதும் ஒரு தனிநபர் கணக்குக்கு. எட்டு ஆண்டுகள் ரசீது சரிபார்த்த என் கண்ணுக்கு இது தப்பிவிட்டதே என்று நெஞ்சு கொதிக்கிறது. அந்த 15 இலக்க எண்ணைக் கேட்டேன். இணைப்பைத் துண்டித்தார்கள். அந்தத் தளத்திலோ, "அவர் எங்கள் ஊழியர் அல்ல" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்.

ரெஸ்யூம் எழுதும் முறையையும் விரிவாகச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது மனம் ஓடவில்லை. செய்த வேலையை மேலே போடுங்கள். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்காமல், படம் இல்லாமல் எழுதுங்கள். தளத்தின் பெயரைச் சொல்லி அழைப்பவர் தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். இவர்களுடைய சமாதானங்களை நம்பிக் காத்திருந்து நான் பத்தாம் நாள்தான் அழைத்தேன்; புகார் எண் மட்டும் கையில் இருக்கிறது, 7,080 ரூபாய் இன்னும் வரவில்லை.