இ.சி., வாரன், பிரிட்டன்: போர், திகில் காமிக்ஸ்களின் மூல ஓவியங்களில் எதை வாங்கலாம்?

பழைய போர், திகில் காமிக்ஸ்களுக்காக ஓவியர்கள் தடித்த தாளில் மசியால் வரைந்த மூலப் பக்கங்களைச் சேகரிக்க விரும்புகிறவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் இ.சி. நிறுவனம் 1950 முதல் 1955 வரை வெளியிட்ட இதழ்களின் பக்கங்கள் முதல் வழி. அதே நாட்டில் 1964-க்குப் பிறகு வாரன் நிறுவனம் நடத்திய கறுப்பு வெள்ளை இதழ்களின் பக்கங்கள் இரண்டாவது. பிரிட்டனில் ஃப்ளீட்வேயும் டி.சி. தாம்ஸனும் வெளியிட்ட போர்க்கதைப் பக்கங்கள் மூன்றாவது. ஓவியத் தரத்தில் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது: அச்சுக்குப் போய்த் திரும்பிய தாள் யார் கையில், எந்த நிலையில் தப்பிப் பிழைத்தது என்பதே விலையையும், வாங்குகிறவரின் நிம்மதியையும் முடிவு செய்கிறது.

இந்த வகையில் இ.சி.க்கு இணையில்லை. அக்காலப் பதிப்பகங்கள் பலவற்றுக்கு அச்சு முடிந்த பக்கம் இடத்தை அடைக்கும் குப்பையாகவே தோன்றியது. இ.சி.யின் உரிமையாளர் வில்லியம் கெயின்ஸ் மட்டும் தம் நிறுவனத்தின் பக்கங்களை ஏறத்தாழ முழுமையாகப் பூட்டி வைத்துக் காப்பாற்றினார். 1954-இல் அமெரிக்க செனட் துணைக்குழு திகில் காமிக்ஸ்களை விசாரித்து, அதே ஆண்டில் காமிக்ஸ் துறை தனக்குத் தானே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டபோது இ.சி.யின் திகில் இதழ்கள் நின்றுபோயின. ஆனால் அவற்றின் மூலப் பக்கங்கள் பூட்டிய இடத்திலேயே பத்திரமாக இருந்தன. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஸ் காக்ரன் என்பவர் வழியாக அவை வரிசையாக ஏலத்துக்கு வரத் தொடங்கின. ஆகவே ஓர் இ.சி. பக்கத்தை இன்று வாங்குகிறவர், அது ஓவியரின் மேசையிலிருந்து தம் வீடு வரை வந்த வழியைப் பெரும்பாலும் தடையின்றிப் பின்தொடர முடியும்.

ஆனால் இ.சி.க்குள்ளேயே திகில் பக்கமா, போர்ப் பக்கமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சந்தை திகிலின் பக்கம் சாய்கிறது. என் சாய்வு போருக்கு. காரணம் பக்கத்திலேயே தெரியும். திகில் இதழ்களுக்கு ஆசிரியராக இருந்த ஆல் ஃபெல்ட்ஸ்டீன், கதையின் வாசகங்களை முதலில் தாளில் எழுத வைத்து, கட்டங்களையும் பிரித்த பின்னரே ஓவியரிடம் கொடுப்பார். அந்த எழுத்துகள் லெராய் என்ற வரைபடக் கருவியால் எழுதப்பட்டவை என்பதால், கட்டட வரைபடத்தில் காண்பதுபோல் ஒரே தடிமனில், உணர்ச்சியற்று நிற்கும். கட்டத்தின் மேற்பாதியை வாசகம் விழுங்கிவிட, மிஞ்சிய இடத்தில்தான் கிரகாம் இங்கல்ஸ் தம் அழுகிய பிணங்களையும் எச்சில் ஒழுகும் கிழவிகளையும் வரைய வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியிலும் அவர் சாதித்தார் என்பது அவருடைய பெருமை.

போர் இதழ்களின் ஆசிரியர் ஹார்வி கர்ட்ஸ்மன் இதற்கு நேர் எதிரானவர். ஒவ்வொரு கட்டத்தையும் தாமே முன்கூட்டி வரைந்து, ஓவியர் அதன்படி நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். சீருடை, துப்பாக்கி, நிலப்பரப்பு என ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, நீர்மூழ்கிக் கப்பல் கதை ஒன்றுக்காகத் தம் உதவியாளரை உண்மையான நீர்மூழ்கியிலேயே அனுப்பிவைத்தவர். அவருடைய பக்கங்களில் எழுத்து பென் ஓடாவின் கையெழுத்து. அளவாகவும் உயிர்ப்போடும் இருக்கும். வாசகமே இல்லாத கட்டங்கள் அடுத்தடுத்து வருவதும் உண்டு. ஜான் செவரின் வரைந்த ஒரு கொரியப் போர்ப் பக்கத்தை அருகில் வைத்துப் பார்த்தால், சேறு அப்பிய காலணியின் மடிப்பில்கூட அவர் தூரிகையை அவசரப்படுத்தவில்லை என்பது விளங்கும். அச்சில் மேரி செவரின் தேர்ந்த வண்ணங்கள் இந்தக் கோடுகளில் பாதியை மூடிவிட்டன. வண்ணத்தைத் தனிப் பிரதியில் தீட்டுவதே வழக்கமாக இருந்ததால், மூலப் பக்கம் கறுப்பு வெள்ளையாகவே தங்கிவிட்டது; ஏறத்தாழ 13 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் கொண்ட அந்தப் பரப்பில்தான் ஓவியரின் முழு உழைப்பையும் காண முடியும்.

ஜேம்ஸ் வாரன் தணிக்கை விதிகளைச் சுற்றிக்கொண்டு போக எளிய உபாயம் ஒன்றைக் கண்டார். விதிகள் காமிக்ஸ் புத்தகங்களுக்கு மட்டுமே என்பதால், பெரிய அளவில், வண்ணமின்றி, பத்திரிகை வடிவில் திகில்கதைகளை வெளியிட்டார். வண்ணம் இல்லாத குறையை ஓவியர்கள் நீர்த்த மசியின் சாம்பல் நிறங்களால் ஈடுகட்டினார்கள். இதனால் வாரன் பக்கத்தைச் சுவரில் மாட்டும்போது கிடைக்கும் நிறைவு மற்ற இரண்டிலும் கிடைக்காது என்றே சொல்லலாம். அச்சில் கரைந்துபோன மூடுபனியும் நிழலும் தாளில் அப்படியே இருக்கும். ஆர்ச்சி குட்வின் ஆசிரியராக இருந்து 1965, 1966 ஆண்டுகளில் நான்கே இதழ்களோடு நின்றுபோன வாரனின் போர்க்கதை இதழ் 'பிளேஸிங் காம்பாட்' இங்கே தனித்துக் குறிப்பிடத்தக்கது. வியட்நாம் விவசாயி ஒருவர் போரில் அழிவதைச் சொன்ன கதை ராணுவ ஆதரவாளர்களைச் சினமூட்ட, விற்பனை முடங்கியது. செவரின், அலெக்ஸ் டோத், ரீட் கிராண்டல் என இ.சி.யில் வரைந்தவர்களே இதிலும் வரைந்தார்கள் என்பதால், இ.சி. போர்ப் பக்கம் எட்டாத உயரத்தில் இருக்கிறவருக்கு இது மெய்யான மாற்று.

வாரனின் குறை வரலாற்றில் இருக்கிறது. நிறுவனம் 1983-இல் நொடித்துப்போனது. இ.சி.யைப் போல ஒரே காப்பறையிலிருந்து பட்டியலோடு வெளிவந்த பக்கங்கள் அல்ல இவை; ஆகவே விற்பவரிடம் இது எங்கிருந்து வந்தது என்று துருவிக் கேட்டே ஆக வேண்டும். அட்டை ஓவியங்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை: ஃபிராங்க் ஃபிரசெட்டா 1969-இல் வாரனின் இதழ் ஒன்றுக்குத் தீட்டிய 'எகிப்திய அரசி' 2019-இல் 54 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது.

பிரிட்டன் பக்கங்களில் திகில் அரிது. 1955-இல் இயற்றப்பட்ட சட்டம் திகில் காமிக்ஸ்களைச் சிறுவர்களிடம் சேரவிடாமல் தடுத்தது. போருக்கு அந்தத் தடை இல்லை. 1958-இல் தொடங்கி ஃப்ளீட்வேயின் பெயரில் வளர்ந்த 'வார் பிக்சர் லைப்ரரி', 1961-இல் டி.சி. தாம்ஸன் தொடங்கிய 'கமாண்டோ' போன்ற கையடக்க இதழ்கள் ஒவ்வொன்றும் 60-க்கு மேற்பட்ட பக்கங்களில் ஒரே கதையைச் சொன்னதால், வரையப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கை மலைபோலப் பெருகியது. இத்தாலி, ஸ்பெயின், அர்ஜென்டினா ஓவியர்கள் பெயரின்றி அவற்றை வரைந்தார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹ்யூகோ பிராட்டும் அவர்களுள் ஒருவர். (1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியும் ஃப்ளீட்வேயின் சரக்குதான், அந்தக் கோடுகள் நம்மில் பலருக்கு ஏற்கெனவே பழக்கம்.)

மூன்றில் மலிவானவை இவையே. மலிவுக்குக் காரணங்களும் உண்டு. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று கட்டங்களே இருப்பதால், கதையிலிருந்து பிரிந்த தனிப் பக்கம் பல நேரங்களில் பொருளின்றி நிற்கும்; விமானம் பறக்கும், யார் பறக்கிறார் என்று தெரியாது. கையொப்பம் இல்லாத பக்கத்தில் ஓவியர் யார் என்பதை விற்பவரின் சொல்லை மட்டும் நம்பி ஏற்பது கூடாது. பெரிய பெயரைச் சொன்னதும் விலை ஏறிவிடுகிறது. தவிர, வாசகங்களைத் தனித்தாளில் எழுதி ஒட்டியிருப்பதால், பசை காய்ந்து பேச்சுக் குமிழ்கள் உதிர்ந்து, அந்த இடத்தில் பழுப்புத் திட்டு மட்டும் எஞ்சிய பக்கங்கள் நிறையக் கிடைக்கின்றன. உரிமைச் சிக்கலும் உண்டு: ஓவியருக்குத் திருப்பித் தரப்படாமல் பதிப்பகத்தின் சொத்தாகக் கருதப்பட்ட பக்கம் எப்படி வெளியே வந்தது என்பதற்குப் பல விற்பனையாளர்களிடம் தெளிவான விடை இருப்பதில்லை.

பழுது பார்க்கும் செலவும் மூன்றிலும் ஒன்றல்ல. வெள்ளை மை பூசித் திருத்திய இடங்கள் எல்லாவற்றிலும் உண்டு. அவை குறையல்ல, ஓவியர் மனம் மாறிய தடம். ஆனால் புள்ளிகள் அச்சிட்ட ஒட்டுத்தாளைப் பயன்படுத்திய பக்கங்களில் அந்தத் தாள் சுருங்கி, மஞ்சளாகி, ஓரம் தூக்கிக்கொள்ளும். இரசாயனம் தடவினால் கோடுகள் தோன்றும் கிராஃப்டின்ட் அட்டையில் இ.சி. ஓவியர் வாலி வுட் போன்றோர் வரைந்த பக்கங்கள் காலப்போக்கில் பழுப்பேறி மங்கும். அதை மீட்க வழியில்லை. வாரனின் நீர்த்த மசிப் பக்கங்களை நேரடி வெயில் படும் சுவரில் மாட்டவே கூடாது.

கையில் பணம் தாராளமாக இருக்கிறவருக்கு இ.சி. போர்க்கதை ஒன்றின் எல்லாப் பக்கங்களும் பிரியாமல் கிடைத்தால் அதையே பரிந்துரைப்பேன். தனிப் பக்கங்களாகப் பிரித்து விற்றால் கூடுதல் இலாபம் என்பதால், முழுக்கதைகள் குறைந்துகொண்டே வருகின்றன. நடுத்தர வசதி உள்ளவர் பிளேஸிங் காம்பாட் பக்கத்துக்காகப் பொறுமையாகக் காத்திருக்கலாம். முதல் பக்கத்தை வாங்கப்போகிறவர் பிரிட்டன் பக்கம் ஒன்றிலிருந்து தொடங்கட்டும். முகமும் செயலும் சேர்ந்து வரும் பக்கமாக, குமிழ்கள் உதிராததாக, வந்த வழியை விற்பவர் எழுதிக் கொடுக்கச் சம்மதிப்பதாக இருக்க வேண்டும். இம்மூன்றில் கடைசி நிபந்தனைக்கு அவர் தயங்கினால் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம்.