விமானியாக விரும்புகிறவருக்கு ட்ரோன் வேலையா, வேறு வேலையா?

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறி, விமானியாவது என்று முடிவும் செய்துவிட்ட ஒருவர், பயிற்சிக் கட்டணம் திரளும்வரையிலோ, பயிற்சி முடிந்து விமான நிறுவனத்தின் அழைப்பு வரும்வரையிலோ என்ன வேலை பார்ப்பது என்ற கேள்வியைச் சந்தித்தே ஆகவேண்டும். பறப்புப் பயிற்றுநர், விமானத்தின் பயணத்தைத் தரையிலிருந்து திட்டமிட்டு அனுப்பும் டிஸ்பாட்சர், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று முன்பு சொல்லப்பட்ட விடைகளோடு, 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் நடைமுறைக்கு வந்தபின் ட்ரோன் பைலட் வேலையும் சேர்ந்துகொண்டது. இரண்டு வேலைகளுக்கும் ‘பைலட்’ என்ற பெயர் பொதுவாக இருப்பதாலேயே, ஒன்று மற்றொன்றுக்குப் படிக்கட்டு என்று பெற்றோரும் பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள். பயிற்சி மையங்களின் விளம்பரங்களும் அந்த நம்பிக்கையைக் கலைக்க முற்படுவதில்லை.

முதலில் பறப்பு மணிக் கணக்கு. இந்தியாவில் வர்த்தக விமானி உரிமமாகிய சிபிஎல் பெறுவதற்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பு விமானியாகவும், அவ்வாறு பொறுப்பேற்றுப் பறந்ததில் 20 மணி நேரம் ஊர்விட்டு ஊர் செல்லும் பறப்பாகவும் அமைய வேண்டும். கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது 10 மணி நேரமும் இரவுப் பறப்பு 5 மணி நேரமும் தேவை. பின்னாளில் கேப்டன் நாற்காலிக்குரிய ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். இந்தக் கணக்குகளில் எதிலும் ட்ரோன் ஓட்டிய ஒரு நிமிடம்கூட ஏறாது. அமெரிக்காவிலும் இதே நிலைதான்: சிறிய ட்ரோன் விதிகளின்கீழ் செய்த எந்தப் பறப்பையும் விமானி உரிமத்தின் தேவைகளுக்காகக் காட்ட முடியாது என்று அந்நாட்டு விதிநூலே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே ஐந்நூறு மணி நேரம் ட்ரோன் ஓட்டியவரும் ரிமோட்டையே தொடாதவரும் பறப்புப் பள்ளியின் வாசலில் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நுழைவுத் தகுதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலும் இடைவெளி தெரியும். ட்ரோன் ஓட்டுவதற்குரிய ரிமோட் பைலட் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 18 முதல் 65 வரையிலான வயது, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சில நாள் பயிற்சி ஆகியவை போதும். பெற்றபின் பத்தாண்டுகள் செல்லும். சிபிஎல்லுக்கோ முதல் வகுப்பு மருத்துவச் சான்றும், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்கவேண்டிய, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் எழுத்துத் தேர்வுகளும், வானொலித் தொடர்புக்கான தனி உரிமமும், ஐம்பது லட்ச ரூபாயைத் தொட்டும் தாண்டியும் போகிற செலவும் உண்டு. எந்த வேலையில் சேர்வதற்கு முன்பும், ட்ரோன் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பும், அந்த மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுவதே புத்திசாலித்தனம். நிறக்குருடு போன்ற ஒரு காரணம் அங்கே வெளிப்பட்டால், இந்த ஒப்பீட்டுக்கே அவசியம் இல்லாமல் போகலாம்.

மணிக்கணக்கு இல்லாவிட்டாலும் திறமையாவது வளராதா என்று கேட்பது நியாயம். அதற்கான விடை எந்த ட்ரோன் என்பதைப் பொறுத்தது. நம் ஊர்ப்பக்கம் அதிகமாகக் கிடைப்பது வயலில் மருந்து தெளிக்கும் வேலை. பத்து லிட்டர் தொட்டியுடைய ட்ரோன், பயிருக்குச் சில மீட்டர் உயரத்தில், வரப்பைக் குறித்துக் கொடுத்தபின் பெரும்பாலும் தானாகவே போய்வருகிறது. உடனிருப்பவரின் உழைப்பு மருந்து கலப்பதிலும் பேட்டரி மாற்றுவதிலும் வரப்பில் நடப்பதிலுமே செலவாகிறது. கையால் ஓட்டும்போதுகூட, ட்ரோன் நம்மை நோக்கித் திரும்பியவுடன் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிப்போகும் சிக்கலைத்தான் மூளை பழகிக்கொள்கிறது. விமானத்துக்குள் அமர்ந்திருப்பவருக்கு அந்தச் சிக்கலே கிடையாது. மறுபுறம், குறுக்குக் காற்றில் ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது உடம்பு உணரும் சாய்வு, தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்கும் அந்தச் சில நொடிகள், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டே ஓட்டுவது, பக்கத்து இருக்கைக்காரரோடு வேலையைப் பகிர்ந்துகொள்வது ஆகிய எதையும் வயல்வரப்பு கற்றுத்தராது.

நில அளவை, வரைபடப் பணிகளில் ஈடுபடும் ட்ரோன் வேலை இதைவிட மேலானது. 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட ஸ்வமித்வா திட்டம் கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் மூலம் வரைபடமாக்குவது. அத்தகைய பணிகளில் பறப்புத் திட்டம் போடுவது, காற்றின் வேகத்தையும் மேகத்தையும் பார்த்து இன்று வேண்டாம் என்று முடிவெடுப்பது, செக்லிஸ்ட்டை வரிவரியாகச் சரிபார்ப்பது, பறப்பைப் பதிவேட்டில் எழுதுவது ஆகியவை அன்றாட வழக்கமாகின்றன. ட்ரோன்களுக்கான அரசு இணையதளமாகிய டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலம் தரையிலிருந்து 400 அடி வரை என்பதும், விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான வளையத்தில் அது 200 அடியாகக் குறைகிறது என்பதும் பழகிப்போனவருக்கு, வான்வெளி ஒழுங்குமுறை என்ற பாடம் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. இருப்பினும் இந்தப் பயனை மிகைப்படுத்தக் கூடாது. இதே அறிவைப் பாடநூலோடு இரண்டு வாரம் உட்கார்ந்தாலும் பெற்றுவிடலாம்.

சிபிஎல் கையில் இருப்பவருக்குப் பயிற்றுநர் வேலையோடு ஒப்பிட ட்ரோன் வேலைக்கு எந்த வாய்ப்பும் இல்லை. துணைப் பயிற்றுநர் தகுதி பெற்று ஒரு பறப்புப் பள்ளியில் சேர்ந்தவர் சம்பளம் வாங்கிக்கொண்டே மணிகளைச் சேர்க்கிறார். ஒரே தரையிறக்கத்தை நூறு மாணவர்கள் நூறு விதமாகக் கெடுப்பதைப் பார்த்துத் திருத்துகிறார். இன்னொரு கணக்கும் உண்டு. 2023இல் சிபிஎல்லின் செல்லுபடிக் காலம் பத்தாண்டுகளாக நீட்டிக்கப்பட்டாலும், கருவிப் பறப்புத் தகுதியையும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றையும் நாற்பது வயதுக்குட்பட்டவர் ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். விமானத்திலிருந்து விலகி இரண்டு ஆண்டுகள் ட்ரோன் ஓட்டியவர், அந்தப் புதுப்பித்தலுக்கும் மங்கிய கைப்பழக்கத்தை மீட்பதற்கும் தனியாகச் செலவழிக்க நேரும். பயிற்றுநர் இடங்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இடம் கிடைத்தால் தயங்குவதற்கு ஒன்றுமில்லை.

சிபிஎல்லுக்கு இன்னும் பணம் சேராதவரின் நிலை வேறு. அவருக்கு டிஸ்பாட்சர் வேலை வானிலை, எரிபொருள் கணக்கு, எடைச் சமநிலை, பாதைத் திட்டம் ஆகியவற்றை நாள்தோறும் கையாளவைக்கிறது. எழுத்துத் தேர்வுகளின் பாதிப் பாடம் அலுவலக மேசையிலேயே படிந்துவிடுகிறது. இந்திய விமான நிலைய ஆணையத்தின் கட்டுப்பாட்டாளர் பணிக்கு இயற்பியல், கணிதத்தோடு கூடிய பி.எஸ்சி. அல்லது பொறியியல் பட்டமும், 27 வயதுக்குள் இருப்பதும், போட்டித் தேர்வும் வேண்டும். சம்பளமும் கௌரவமும் அதில்தான் அதிகம். அந்த வசதியே, விமானி ஆசையை ஓரமாக மடித்து வைக்கச் செய்துவிடும் என்பது என் சந்தேகம். அப்படி நடந்தாலும் அதை நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

ட்ரோன் வேலைக்கு மற்ற வேலைகளில் இல்லாத ஒரு வசதி உண்டு. விளம்பரங்கள் சொல்லாத வசதி அது. மருந்துத் தெளிப்பைக் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறிக் காற்று கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும்; மீண்டும் செய்வதானால் மாலையில்தான். டெல்டாவில் குறுவை, சம்பாப் பருவங்களில் வேலை குவியும், கோடையில் ஓய்ந்துவிடும். இடைப்பட்ட பகல்களும் கோடை மாதங்களும் டிஜிசிஏ தேர்வுக்குப் படிப்பதற்கென்றே வாய்த்தவை போன்றவை. அந்தப் பொழுதை அப்படிப் பயன்படுத்துகிறவருக்கு மட்டும், மணியாக இல்லாவிட்டாலும் காலமாக, ட்ரோன் வேலை உதவுகிறது.

ஆனால் சொந்தமாக ட்ரோன் வாங்கித் தொழில் நடத்தத் துணிகிறவர் நின்று யோசிக்க வேண்டும். நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 சதவீத மானியமும் அதற்கு 8 லட்ச ரூபாய் உச்சவரம்பும் வைத்திருப்பதிலிருந்தே, ஒரு வேளாண் ட்ரோன் தொகுப்பின் விலை எந்த அளவு என்று கணிக்கலாம். கடன் வாங்கி அந்தத் தொகையைப் போடுகிறவர், பின்னால் குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதியாகிய டைப் ரேட்டிங்குக்குக் கட்டவேண்டிய பணத்தில் பெரும்பங்கை வயலில் இறக்குகிறார். பேட்டரிகள் தேயும், இயந்திரம் தென்னை மரத்தில் மோதும், தவணை மட்டும் நிற்காது. மாதச் சம்பளத்துக்கு ஒரு நிறுவனத்தில் ஓட்டுவது வேறு, முதலாளியாக ஓட்டுவது வேறு. பின்னது முழுநேரத் தொழில், அதில் படிப்புக்கு நேரமும் மிஞ்சாது.

அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் 2020 முதல் இயங்கிவரும் சீ கார்டியன் போன்ற பெரிய ஆளில்லா விமானங்களைக் காட்டி, ‘அதுவும் ட்ரோன்தானே’ என்று வாதிடுவோரும் உண்டு. அவற்றை இயக்குவது படையினரின் பணி. ரிமோட் பைலட் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது.

விமான நிறுவனத் தேர்வுகளில் எழுத்துத் தேர்வு, மனநிலைச் சோதனை, சிமுலேட்டர், நேர்காணல் என்று வரும் கட்டங்களில், ட்ரோன் அனுபவத்துக்கு இடம் கடைசிக் கட்டத்தில் மட்டுமே. காற்று அதிகமாக இருந்த ஒரு காலையில், விவசாயி வற்புறுத்தியும் ட்ரோனைக் கிளப்ப மறுத்ததைச் சொல்லக்கூடியவருக்கு அது நல்ல பதில். அதே நேரம், அரசு அனுமதியின்றிப் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலத்தில் கல்யாண வீடியோவுக்காகப் பறக்கவிட்டு வழக்கில் சிக்கியவருக்கு, விமான நிலைய நுழைவுச் சீட்டுக்கான காவல்துறைச் சரிபார்ப்பில் அந்த வழக்கு எதிரே வந்து நிற்கக்கூடும்.