ஹேண்டில்பாரில் ஆக்ஷன் கேமரா: மலையில் அருமை, நெடுஞ்சாலையில் எரிச்சல்

ஓடும் வண்டியில் மாட்டிப் படம் பிடிக்கும் சிறிய ஆக்ஷன் கேமராக்களின் விலை இறங்கியிருப்பதால், பைக்கில் மாட்ட ஒன்று வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 4கே, பேட்டரி, தண்ணீர் புகாத உடல் ஆகியவற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவற்றில் எனக்குக் குறையும் இல்லை. என் மனக்குறை முழுவதும் அதிர்வைப் பற்றியது.

என்னுடையது பேலன்சர் ஷாஃப்ட் (என்ஜின் அதிர்வைக் குறைக்கும் தண்டு) இல்லாத பழைய 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகச் சென்றபோது ஹேண்டில்பாரில் இருந்த கேமரா பிடித்த படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. பாறைச் சரிவில் கசியும் நீர், எதிரே இறங்கும் பேருந்து, வளைவின் எண் எழுதிய பலகை என எதுவும் தப்பவில்லை. ஆனால், மலையிறங்கி நாமக்கல் சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதுமே, முன்னால் போன லாரியின் நம்பர் பிளேட் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளியத் தொடங்கிவிட்டது.

இதற்குக் காரணம் எளிது. இத்தகைய கேமராக்களின் சென்சார், வீடியோவின் ஒரு படத்தை (ஃபிரேம்) ஒரே நொடிப்பொழுதில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. என்ஜின் 3,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் நொடிக்கு 50 சுற்றுகள்; அந்த அதிர்வு ஹேண்டில்பார் வழியே கேமராவுக்கும் வருகிறது. ஒரு படத்தைப் படித்து முடிப்பதற்குள் கேமரா அசைந்துவிடுவதால், ஒவ்வொரு வரியும் சற்று இடம் மாறிப் பதிகிறது. விளம்பரங்களில் பெருமையாகக் காட்டப்படும் ஸ்டெபிலைசேஷன், சாலைப் பள்ளத்தின் குலுக்கலை உண்மையிலேயே அழகாக மறைக்கிறது. ஆனால் ஒரே படத்துக்குள் ஏற்பட்ட இந்த நெளிவை அதனால் நிமிர்த்த முடியவில்லை. பொழுது சாய்ந்து வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருப்பதால், நெளிவோடு மங்கலும் சேர்ந்துகொள்கிறது.

கேமராவுக்குப் பதிலாகச் செல்போனை மாட்டிக்கொள்ளலாம் என்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சக்திவாய்ந்த என்ஜின்களின் அதிர்வு போன் கேமராவின் நிலைப்படுத்தும் அமைப்பையே பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021இல் வெளிப்படையாக எச்சரித்தது.

நான் எதிர்பாராத மகிழ்ச்சியைத் தந்தது ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் மாட்டும் மவுண்ட். கழுத்தும் உடம்பும் அதிர்வை வாங்கிக்கொள்வதால், அதே வேகத்தில் அதே கேமராவில் நம்பர் பிளேட்டை எழுத்தெழுத்தாகப் படிக்க முடிகிறது. தலை திரும்பும் பக்கமே படமும் திரும்புவதால், வளைவுகளில் ஓட்டுநர் எங்கே பார்க்கிறார் என்பதும் பதிவாகிறது. ஆயினும் ஹெல்மெட்டில் கேமரா பொருத்துவோர் மீது நடவடிக்கை எடுப்பதாக 2022இல் கேரள மோட்டார் வாகனத் துறை அறிவித்ததை, வால்பாறை வழியாக அதிரப்பள்ளிக்குப் போகிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு பாராட்டிய பிறகும், என்னுடையதைப் போன்ற வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டுவதற்காக ஆக்ஷன் கேமராவை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். விபத்து நேர்ந்தால் சாட்சியாக இருக்கும் என்று நம்பித்தான் பலரும் இதற்குப் பணம் போடுகிறார்கள். இடித்துவிட்டுப் போன வண்டியின் எண்ணையே காட்டாத படத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்து என்ன பயன்? பாதி விலைக்குக் கிடைத்தாலும் என் பதில் இதுதான்.