ஆடைக்கு முன்பு இருந்தது என்ன? மெட் அருங்காட்சியகத்தின் இணைய ஆடைத் தொகுப்பு குறித்து ஒரு மதிப்புரை

உயர்தர ஆடை வடிவமைப்பாளர்களிடம் அவர்களுடைய படைப்பு எங்கிருந்து பிறந்தது என்று கேட்டால், கடல், தோட்டம், பழைய ஓவியம், தாயின் துணி அலமாரி என ஓரிரு சொற்களில் பதில் வந்துவிடும். அந்தச் சொற்களுக்கும் மேடையில் நடந்து வரும் உடைக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை ஆடை நிறுவனங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் விளக்குவதில்லை. அந்த இடைவெளியைத் தாமாகவே ஆராய்ந்து பார்க்க விரும்புவோருக்கு, நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் (சுருக்கமாக மெட்) கட்டணமின்றி வழங்கும் இணையத் தொகுப்பு மிகவும் பயன்படக்கூடிய ஒரு சேவை.

இந்த அருங்காட்சியகத்தின் ஆடைப் பிரிவு 1937-இல் தனி நிறுவனமாகத் தொடங்கப்பட்டு 1946-இல் மெட்டுடன் இணைந்தது. புரூக்ளின் அருங்காட்சியகத்தின் ஆடைச் சேகரிப்பும் 2009-இல் இங்கு வந்து சேர்ந்தது. இன்று 33,000-க்கும் மேற்பட்ட ஆடைகளும் அணிபொருள்களும் இதன் வசம் உள்ளன. ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் வடிவமைப்பாளர், ஆண்டு, துணி வகை, நன்கொடையாளர், பதிவு எண் ஆகியவை ஒரே ஒழுங்கில் தரப்பட்டிருக்கின்றன. ஆனால் எண்ணிக்கையைவிட வேறொன்றையே நான் இதன் முதன்மையான சிறப்பாகக் கருதுகிறேன். உடைகள் இங்கே தனித் தீவாக ஒதுக்கப்படவில்லை. கிரேக்கச் சிற்பம், போர்க்கவசம், ஜப்பானிய மரஅச்சுப் படம், நவீன ஓவியம் ஆகிய அனைத்தும் இருக்கும் அதே பட்டியலில்தான் அவையும் இருக்கின்றன. ஆகவே மூலத்தையும் விளைவையும் இரண்டு சாளரங்களில் அருகருகே திறந்து வைத்து ஒப்பிட முடிகிறது.

எடுத்துக்காட்டாக, பிரெஞ்சு வடிவமைப்பாளர் இவ் சாங் லோரான் 1965-ஆம் ஆண்டு இலையுதிர்காலத் தொகுப்புக்காக உருவாக்கிய, டச்சு ஓவியர் மோன்ட்ரியனின் பெயர் கொண்ட உடையைக் கூறலாம். வெள்ளைப் பரப்பு, கறுப்புக் கோடுகள், இடையிடையே சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள் என்று அதைப் பார்க்காதவர் அரிது. மோன்ட்ரியனின் 1921-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றும் இதே அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர், ஓவியத்தைத் துணியில் அச்சிட்டிருக்கிறார்கள் என்றே முதலில் நினைக்கக்கூடும். உண்மையில் அந்த உடையில் அச்சு என்பதே இல்லை. ஒவ்வொரு வண்ணக் கட்டமும் தனித்தனியாக வெட்டப்பட்ட கம்பளி ஜெர்சி (பின்னல் துணி) துண்டு. அவற்றை இணைக்கும் தையல்கள் கறுப்புக் கோடுகளின் ஓரங்களில் ஒளிந்திருக்கின்றன. தட்டையாகத் தோன்ற வேண்டிய உடை, தட்டையாக இல்லாத உடலின் மீது அமர வேண்டும். அதற்காக வழக்கமாகப் பிடிக்கப்படும் டார்ட்டுகள் (உடலுக்குப் பொருந்தத் துணியை மடித்துப் போடும் தையல்கள்) வெளியே தெரிந்தால் கட்டங்களின் நேர்த்தி குலைந்துவிடும். எனவே உடலின் வளைவுக்குத் தேவையான மாற்றங்கள் அனைத்தையும் அந்தக் கோடுகளின் தையலுக்குள்ளேயே சாங் லோரான் அடக்கிவிட்டார். ஓவியரின் கட்டங்கள் தையல்காரரின் பிரச்சினைக்குத் தீர்வாக மாறிய இடம் இது. மோன்ட்ரியனின் கட்டங்களை அச்சிட்ட பைகளும் குடைகளும் உலகெங்கும் விற்பனையாகின்றன; அவற்றை மோன்ட்ரியனின் தாக்கம் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இத்தொகுப்பில் அதிக நேரம் செலவிடத் தகுந்த இன்னொன்று, வெனிஸ் நகரில் பணியாற்றிய வடிவமைப்பாளர் மரியானோ ஃபோர்த்துனியின் டெல்ஃபாஸ் உடை. இதில் பல வண்ணங்களை மெட் வைத்திருக்கிறது. 1896-இல் கிரேக்கத்தின் டெல்ஃபியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட தேரோட்டியின் வெண்கலச் சிலையிலிருந்தே இதற்குப் பெயரும் எண்ணமும் கிடைத்தன. அந்தச் சிலையில் தோளிலிருந்து பாதம் வரை நேர்கோடுகளாக விழும் மடிப்புகளை மெல்லிய பட்டில் எப்படிக் கொண்டுவருவது என்பதே அங்கே எழுந்த கேள்வி. பட்டு முழுவதும் மிக நுண்ணிய, சற்றே ஒழுங்கற்ற கொசுவங்களாகச் சுருக்கப்பட்டு நிலைநிறுத்தப்பட்டது. அதற்கான காப்புரிமை 1909-இல் பதிவானது. இந்த உடையின் கண்டுபிடிப்பு தம் துணைவி ஆன்ரியெத்தினுடையது என்று ஃபோர்த்துனியே காப்புரிமைத் தாளில் கைப்படக் குறித்து வைத்திருந்தும், புகழ் என்னவோ ஃபோர்த்துனிக்கே போய்ச் சேர்ந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பக்கவாட்டில் கயிற்றில் கோத்த வெனிஸ் அருகே உள்ள முரானோ தீவின் சிறிய கண்ணாடி மணிகள் தெரியும். அவற்றை அலங்காரம் என்று மட்டும் கருதிவிடக் கூடாது. எடையற்ற பட்டு மேலெழும்பாமல் கீழ்நோக்கி நேராக விழுவதற்கு அவையே பாரமாகவும் உதவின. மடிப்புகள் கலையாமல் இருக்க, இந்த உடையை நூற்கண்டு போல முறுக்கி ஒரு சிறிய வட்டப் பெட்டிக்குள் வைத்தே வாங்குபவரிடம் கொடுத்தார்கள். வெண்கலத்தில் அசையாமல் நின்ற ஒரு கோடு, அணிபவரின் ஒவ்வோர் அடிக்கும் அசையத் தொடங்கியது இப்படித்தான்.

பிரெஞ்சு வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் தியோரின் 1949-ஆம் ஆண்டு ‘ஜூனோன்’ மாலை உடையும் இங்கே உண்டு. ரோமானியத் தெய்வமான ஜூனோவின் பறவை மயில் என்பதால், இதழ் இதழாக அடுக்கப்பட்ட பாவாடையில் நீலமும் பச்சையுமான சமிக்கிகளைக் கொண்டு தோகையைக் காட்டியிருக்கிறார். ஆனால் தோகைக் கண்கள் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் முதலில் வரையக்கூடிய அந்தக் கண்ணைத் தவிர்த்ததுதான் இந்த உடையின் துணிச்சல். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குவீனின் 2003-ஆம் ஆண்டு ‘சிப்பி’ உடையும் இவ்வாறே கடலின் வடிவத்தை வரைந்து காட்டாமல், அடுக்கடுக்கான ஆர்கன்சா (மெல்லிய, விறைப்பான துணி) விளிம்புகளால் அலையாகவும் சிப்பி ஓடாகவும் தோன்றச் செய்கிறது. கண்காட்சிகளின் பக்கங்களும் தொடர்ந்து இணையத்தில் கிடைக்கின்றன. கத்தோலிக்கச் சமயக் கலையும் உடையும் சந்திக்கும் இடத்தை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டுக் கண்காட்சியை 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேரில் கண்டனர். அதைத் தவறவிட்டவர்களுக்கு இப்பக்கங்கள் ஓரளவு ஈடு செய்யும், ஓரளவுதான்.

குறைகளுக்கு வருவோம். உடை என்பது முப்பரிமாணப் பொருள். பல உடைகளுக்கோ ஒன்றிரண்டு படங்களே உள்ளன. உள்புறத் தையலைக் காட்டும் படம் அரிது. மேலே நான் கூறிய மோன்ட்ரியன் உடையின் நுட்பத்தைப் படத்தை மட்டும் பார்த்து ஒருவர் கண்டுபிடித்துவிட முடியாது. விளக்கக் குறிப்பைப் படித்தாக வேண்டும். அந்தக் குறிப்புகளின் தரமும் சீராக இல்லை. சிலவற்றுக்கு நல்லதொரு பத்தி, பலவற்றுக்கு அளவும் துணியின் பெயரும் மட்டுமே. 2017-இல் 3,75,000 படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று மெட் அறிவித்தது உண்மைதான். எனினும் அந்த உரிமை பதிப்புரிமை காலாவதியான பொருள்களுக்கே உரியது என்பதால், அண்மைக்கால வடிவமைப்பாளர்களின் உடைகளைப் பார்க்கலாமே தவிர எடுத்தாள முடியாது. தேடும் முறையும் பெயர், ஆண்டு, பொருள் வகை ஆகியவற்றைச் சார்ந்தது. எந்த உடை எதனால் தூண்டப்பட்டது என்ற தொடர்பைப் பார்ப்பவர்தான் தேடிச் சேர்க்க வேண்டும்.

இவற்றைவிட ஆழமான ஒரு குறை உண்டு. இது மெட்டுக்கு மட்டும் உரியது அன்று. இந்தத் துறை முழுவதற்கும் உரியது. தூண்டுதல் ஓர் ஓவியரிடமிருந்து வந்தால் உடைக்கே அவர் பெயர் சூட்டப்படுகிறது. நெசவாளரிடமிருந்தோ பூத்தையல் செய்யும் பெண்களிடமிருந்தோ வந்தால் ஒரு நாட்டின் பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில் உள்ள தலாவிதோல்தெபெக் ஊர்ப் பெண்களின் பாரம்பரியச் சட்டையைப் பாரிஸ் வடிவமைப்பாளர் இசபெல் மரான் நகலெடுத்துவிட்டதாக அவ்வூரார் 2015-இல் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டிய பிறகே, பெயரில்லாத கைகளுக்கும் உரிமை உண்டா என்ற கேள்வி பலர் காதில் விழுந்தது. அருங்காட்சியகப் பட்டியல்களிலும் இத்தகைய உடைகளைத் தைத்தவர்களின் பெயருக்கான இடம் பெரும்பாலும் வெற்றாகவே இருக்கிறது. அன்றைக்கு எழுதி வைக்கப்படாத பெயரை இன்று தேடிப் பிடிப்பது கடினம் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆயினும் தூண்டுதலைப் பற்றி ஆராய வருபவர் அந்த வெற்றிடத்தையும் ஒரு தகவலாகவே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆடை வடிவமைப்பு பயிலும் மாணவர்களுக்கும், துணியைப் பற்றிச் சிறிதளவேனும் அறிந்த ஆர்வலர்களுக்கும் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பொழுதுபோக்காகப் புகழ்பெற்றவர்களின் உடைகளைப் பார்க்க வருவோருக்கு இது வறண்டதாகத் தோன்றும். ஒரே அமர்வில் நூறு உடைகளைப் புரட்டுவதைவிட ஓர் உடையையும் அதன் மூலத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, வடிவமைப்பாளர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்று பார்ப்பதே பயன் தரும். முடிந்த உடை மட்டும் போதாது, அது உருவான வழியும் தெரிய வேண்டும் என்பவர்கள், பாரிஸில் 2017-இல் திறக்கப்பட்ட இவ் சாங் லோரான் அருங்காட்சியகத்தின் இணையதளத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். கோட்டோவியத்தின் அருகிலேயே துணி மாதிரியைக் குத்தி வைத்த தாள்களை அந்த அருங்காட்சியகம் பாதுகாத்து வருகிறது.