நெடுந்தூரம் ஓடுபவருக்கு எந்த பேலியோ?

கற்கால மனிதர்போல் சாப்பிடும் உணவுமுறையான பேலியோவுக்கு மாறி மாரத்தான் ஓட முடியுமா என்று யாராவது கேட்டால், எந்த பேலியோ என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பேலியோ என்றாலே மாவுச்சத்தை அடியோடு குறைப்பது என்று நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். அதன் மூல விதி அப்படி இல்லை. தானியம், பருப்பு, பால், சர்க்கரை வேண்டாம். இறைச்சி, மீன், முட்டை, காய், பழம், கொட்டைகள், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் சாப்பிடலாம். ஓடுபவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

மாவுச்சத்தைக் குறைத்தால் உடல் கொழுப்பை எரிக்கப் பழகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதே அளவு சக்திக்குக் கொழுப்பு கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். உலகத் தரத்து நடைப்பந்தய வீரர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. 3 வாரம் கொழுப்பு உணவில் இருந்தவர்களுக்குக் கொழுப்பு எரிவது வெகுவாகக் கூடியது, ஆனால் பந்தய நேரம் குறையவில்லை. மாவுச்சத்து சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. மாரத்தானைவிட நீண்ட, நாள் முழுக்க மெதுவாக ஓடும் அல்ட்ரா ஓட்டத்துக்கு இந்த முறை ஒத்துவரலாம். நேரத்தைக் குறைக்கப் பார்ப்பவருக்கு நான் சொல்லவே மாட்டேன்.

சரி, கிழங்கும் பழமும் நிறையச் சாப்பிட்டு, மூல விதியை அப்படியே பிடித்துக்கொண்டால்? இங்கே சிக்கல் வயிற்றில். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு 7 கிராம் என்று வைத்தாலும் நாளுக்கு 420 கிராம் மாவுச்சத்து வேண்டும். வேகவைத்த சர்க்கரைவள்ளியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம்தான். அதை மட்டுமே நம்பினால் 2 கிலோவுக்கு மேல் போகும். கூடவே 50, 60 கிராம் நார்ச்சத்தும் வந்து சேரும். நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய இரவு தட்டில் பாதிக் கிழங்கு மீந்திருக்கும்போதே வயிறு போதும் என்றுவிடும். மறுநாள் காலை ஓடும்போது அதே வயிறு கடமுடவென்று உருளும். பசியில்லாமலேயே உணவு பற்றாமல் போவதுதான் இந்த முறையின் ஆபத்து. மாதவிடாய் நின்றுபோனாலோ, எலும்பில் அடிக்கடி விரிசல் விழுந்தாலோ, விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தானியம் சாப்பிட்டு ஓடுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கென்யாவின் முன்னணி ஓட்டக்காரர்கள் சாப்பிடுவதை அளந்து 2004-இல் வெளியிட்டார்கள்: சக்தியில் முக்கால் பங்கு மாவுச்சத்து, அதில் முக்கியமான ஒன்று மக்காச்சோள மாவுக் களி. கற்கால மூதாதையர் தானியமே தொடவில்லை என்று பேலியோவுக்குச் சொல்லும் காரணமும் சரியல்ல. கலிலேயக் கடலோரத்தில் ஓகாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டு பார்லியை அரைத்திருக்கிறார்கள். ஆனால் மாவுச்சத்துதானே என்று பிஸ்கட்டிலும் பன்னிலும் நாளை ஓட்டுபவர்களும் இந்தப் பக்கம்தான் அதிகம்.

அதனால் நான் பிடித்திருப்பது தளர்த்திய பேலியோ. ஓட்டத்தை ஒட்டிய வேளைகளில் வெள்ளைச் சோறு, மற்ற வேளைகளில் காய், பழம், முட்டை, மீன். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பெரிய பேரீச்சம்பழம் 3 எடுத்தால் 50 கிராமைத் தொட்டுவிடும். முந்தைய இரவே கொட்டையை எடுத்து, அந்தக் குழியில் ஒரு சிட்டிகை உப்பு வைத்து அமுக்கி மூடிவிடுவேன்; வேர்வையில் போகும் உப்புக்கு அது. மெதுவான ஓட்டத்தில் அதை மென்று விழுங்க நேரம் இருக்கிறது. பந்தய வேகத்தில் மூச்சு வாங்கும்போது மெல்ல முடிவதில்லை, தொண்டையில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் பந்தயத்தன்று மட்டும், மெல்லாமல் விழுங்கக்கூடிய மாவுச்சத்து ஜெல்தான். அதையும் முன்பே இரண்டு மூன்று நீண்ட ஓட்டங்களில் வயிற்றுக்குப் பழக்கிவிடுவேன்.