நாணயமா, தண்டா, சீட்டா? சீனக் குறி முறைகளில் யோசிக்க உதவுவது எது

சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஸ்ரீ கிருஷ்ணன் கோவிலும் குவான் இம் தோங் ஹூட் சோ கோவிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. கிருஷ்ணனைக் கும்பிட வரும் சீனர்கள் நம் கோவில் வாசலில் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். நான் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் விடாமல் கேட்கும். மூங்கில் குவளைக்குள் குச்சிகள் குலுங்கும் சத்தம். முழங்காலிட்டு, கண்ணை மூடி, குவளையை மெல்ல முன்பக்கம் சாய்த்து, ஒரே ஒரு குச்சி நழுவி விழும்வரை குலுக்குவார்கள்.

சீனக் குறி முறைகளில் எனக்கு ஈடுபாடு வந்தது அந்தச் சத்தத்தால்தான். எட்டு வருடங்களாக அவற்றில் நான்கைந்தைச் செய்து பார்த்திருக்கிறேன். எதிர்காலத்தைத் தெரிந்துகொள்வதற்காக அல்ல. ஒரு முடிவு எடுக்கத் திணறும்போது எனக்குள் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வதற்காக. அந்த வேலைக்கு எது உதவும், எது உதவாது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தெய்வ நம்பிக்கையோடு குறி கேட்பவர்களின் கணக்கு வேறு. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

முதலில் குச்சிச் சீட்டு. கான்டனீஸில் காவ் சிம். ஹாங்காங்கின் வோங் தாய் சின் கோவில் இதற்குப் பேர்போனது. அங்கே குவளையில் நூறு குச்சிகள். விழுந்த குச்சியின் எண்ணுக்கு ஒரு செய்யுள் உண்டு, பெரும்பாலும் பழைய சீனக் கதை ஒன்றைத் தொட்டு எழுதியது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே கடை போட்டிருக்கும் குறி சொல்பவரிடம் போனால் விளக்கம் சொல்வார். இந்த முறையின் பலமே அந்த மனிதர்தான். முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து, “எதைப் பற்றிக் கேட்கிறீர்கள்? வேலையா, குடும்பமா?” என்று கேட்கிறார். நாம் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தனியாகக் குழம்பிக் கிடப்பவருக்கு அது பெரிய உதவி.

ஆனால் சீட்டுக்குத் தரம் உண்டு. மிக நல்லது, நடுத்தரம், கெட்டது என்று முதலிலேயே முத்திரை குத்தியிருக்கும். கெட்டது என்று பார்த்த பிறகு செய்யுளில் என்ன எழுதியிருந்தாலும் மனசு அதைப் படிக்காது. ஹாங்காங் ஷா டின் பகுதியிலுள்ள சே குங் கோவிலில் சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் ஊர் முழுவதற்குமாக ஒரு சீட்டு எடுப்பார்கள். 2003-இல் வந்தது 83-ஆம் எண், கெட்ட சீட்டு. அந்த வருடம்தான் சார்ஸ் நோய் ஹாங்காங்கை உலுக்கியது. இன்றும் அந்த எண்ணைச் சொல்லிப் பேசுகிறார்கள். சரி, அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யாரால் என்ன செய்திருக்க முடியும்? பயப்படத்தான் முடியும். என் தேவைக்கு அது ஒத்துவரவில்லை.

அதே கோவில்களில் இன்னொன்றும் உண்டு: ஜியாவ்பேய். பிறை வடிவத்தில் இரண்டு கட்டைகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. இரண்டையும் சேர்த்துக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் ‘ஆம்’. இரண்டிலும் வளைந்த பக்கம் மேலே தெரிய விழுந்தால் ‘இல்லை’. இரண்டிலும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தால் அதற்கு ஓர் அழகான பெயர் இருக்கிறது: சிரிப்பு. தெய்வம் சிரிக்கிறது. உன் கேள்வி தெளிவாக இல்லை, அல்லது பதில் உனக்கே தெரியும் என்று பொருள். குச்சி விழுந்த பிறகு, இதுதான் என் சீட்டா என்று இந்தக் கட்டைகளைப் போட்டுக் கேட்டுக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

நம் ஊரில் அம்மன் சன்னதியில் சிவப்புப் பூவா வெள்ளைப் பூவா என்று பூக்கட்டிப் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். ஆனால் பூவில் இரண்டே பதில்கள். அந்த மூன்றாவது பதில்தான் ஜியாவ்பேயின் சிறப்பு என்று நினைக்கிறேன். கேள்வியையே திருப்பிக் கையில் கொடுத்துவிடுகிறது. எனக்கு முதன்முதலில் சிரிப்பு விழுந்தபோது அப்படியே உட்கார்ந்து, நான் கேட்டது கேள்வியே இல்லை, அனுமதி என்று புரிந்துகொண்டேன்.

ஒரு கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கட்டை எந்தப் பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால், ‘ஆம்’ விழ இரண்டில் ஒரு வாய்ப்பு, ‘இல்லை’ விழ நான்கில் ஒன்றுதான். அதாவது இந்த முறை ‘ஆம்’ பக்கம் சாய்ந்தது. அதனால்தானோ என்னவோ, முக்கியமான விஷயம் என்றால் தொடர்ந்து மூன்று ‘ஆம்’ வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு வாய்ப்பு எட்டில் ஒன்று. சின்னச் சின்ன முடிவுகளுக்கு ஜியாவ்பேய் போதும். கட்டை கீழே விழுவதற்குள் மனசு எந்தப் பதிலை வேண்டிக்கொண்டது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு அதனிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த மீதிப் பாதிக்குத்தான் யீ ஜிங். ஐ சிங் என்று படித்திருப்பீர்கள். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் தொடங்கிய சோவ் வம்சக் காலத்தில் உருவாகத் தொடங்கிய நூல். முழுக்கோடு யாங், நடுவில் உடைந்த கோடு யின். ஆறு கோடுகளைக் கீழிருந்து மேலாக அடுக்கினால் ஒரு குவா. மொத்தம் 64 குவாக்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஒரு தீர்ப்பு வாசகம், ஒவ்வொரு கோட்டுக்கும் தனி வாசகம். இதிலும் நன்மை, கேடு, வருத்தம், பழியில்லை என்ற சொற்கள் வரும். ஆனால் அவை ஒரு நிபந்தனையோடு வரும்: இப்படி நடந்தால் நன்மை, இதற்கு மேல் போனால் கேடு. அதனால்தான் இதைப் படித்துவிட்டு யோசிக்க முடிகிறது.

குவாவை எடுக்க இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன.

தண்டு முறைதான் மூத்தது. ஷி என்ற செடியின் காய்ந்த தண்டுகள் ஐம்பது. ஒன்றை எடுத்து ஒதுக்கி வைத்துவிடுவார்கள். கடைசிவரை அதைத் தொடுவதில்லை. மிச்சம் 49-ஐ யோசிக்காமல் இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். வலது குவியலிலிருந்து ஒரு தண்டை எடுத்து இடக்கையின் சுண்டுவிரல் இடுக்கில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு குவியலையும் நான்கு நான்காக எண்ணி, மிஞ்சியதை ஒதுக்க வேண்டும். இதை மூன்று தடவை செய்தால் ஒரு கோடு. ஆறு கோட்டுக்குப் பதினெட்டுத் தடவை. இன்று நாம் செய்யும் வடிவம் 12-ஆம் நூற்றாண்டில் ஜூ ஷீ என்ற அறிஞர் பழைய குறிப்புகளிலிருந்து ஒழுங்குபடுத்திக் கொடுத்தது.

எனக்கு ஒரு தடவை செய்து முடிக்க அரை மணி நேரம் ஆகிறது. ஷி தண்டு கிடைக்கவில்லை, மெல்லிய மூங்கில் குச்சிகளை வெட்டி வைத்திருக்கிறேன். பத்தாவது நிமிடத்தில் கை எண்ணும், மனசு கேள்வியைச் சுற்றும். பதினைந்தாவது நிமிடத்தில் கேள்வி மாறிப்போவதும் உண்டு. மற்ற முறைகளில் பதிலுக்காகக் காத்திருக்கிறோம், இதில் காத்திருப்பதே பாதிப் பதில். ஆனால் இரவு பத்து மணிக்கு, நாளைக் காலை என்ன சொல்வது என்று தவிக்கும்போது, 49 குச்சிகளை எண்ணும் பொறுமை எனக்கு இருந்ததே இல்லை.

அங்கேதான் நாணயம் வருகிறது. மூன்று நாணயங்களைச் சேர்த்துப் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு 3, மறுபக்கத்துக்கு 2 என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கூட்டினால் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று வரும். ஏழும் ஒன்பதும் யாங், ஆறும் எட்டும் யின். ஆறோ ஒன்பதோ வந்தால் அது மாறும் கோடு: எதிர்க்கோடாக மாறி இரண்டாவது குவா ஒன்றைக் காட்டும். ஆறு தடவை போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

தண்டுதான் சுத்தம், நாணயம் குறுக்குவழி என்று வாதாடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. நாணயத்தில் 6 வர எட்டில் ஒரு வாய்ப்பு, 9 வரவும் எட்டில் ஒன்று. தண்டிலும் இதே நான்கு எண்கள்தான், ஆனால் 6 வர பதினாறில் ஒன்றே, 9 வர பதினாறில் மூன்று. கோடு மாறும் வாய்ப்பு கூட்டிப் பார்த்தால் இரண்டிலும் நான்கில் ஒன்றுதான், ஆனால் தண்டு முறையில் யின் அவ்வளவு லேசில் அசையாது. பழைய சீனர்கள் உலகத்தைப் பார்த்த விதம் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சுயபரிசோதனைக்கு உட்காரும் ஒருவருக்கு இதனால் எதுவும் கெட்டுப்போகாது என்பது என் அனுபவம்.

அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். அப்பா போன பிறகு மலேசியாவில் ஈப்போவிலுள்ள வீட்டை விற்றுவிடலாம் என்று அண்ணன் சொன்னார். அம்மா அங்கேதான் இருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் வக்கீலைப் பார்க்கிறேன் என்று செய்தி எழுதி வைத்துவிட்டேன், அனுப்பவில்லை. அன்று இரவு நாணயம் போட்டேன். முதல் கோடே மூன்றும் ஒரே பக்கம், ஆறு. மற்றவை மாறாத கோடுகள். வந்தது ஆறாவது குவா, சொங். வழக்கு என்று பொருள். அதன் தீர்ப்பு வாசகம் சீனத்தில் பதினேழே எழுத்துகள். அதன் நடுவே இருப்பது: பாதியில் நின்றால் நன்மை, கடைசிவரை போனால் கேடு. மாறும் முதல் கோடு சொல்வது: விவகாரத்தை நீட்டாதே, கொஞ்சம் பேச்சு வரும், முடிவில் நன்மை. அந்தக் கோடு மாறினால் பத்தாவது குவா. அங்கே ஒருவன் புலியின் வாலை மிதிக்கிறான், புலி அவனைக் கடிக்கவில்லை.

நாணயத்துக்கு என் அண்ணனைத் தெரியாது. வேறு குவா வந்திருந்தாலும் அதிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருப்பேன், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘கடைசிவரை’ என்ற சொல்லைப் பார்த்தபோதுதான் இந்தச் சண்டையின் கடைசி எப்படி இருக்கும் என்று முதன்முதலாக யோசித்தேன். அம்மா நடுவில் நிற்பது தெரிந்தது. செய்தியை அழித்துவிட்டு மறுநாள் அண்ணனை அழைத்தேன். கொஞ்சம் பேச்சு வந்தது, உண்மைதான். அம்மா இருக்கும்வரை வீடு இருக்கட்டும் என்று முடிந்தது.

கைபேசிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பொத்தானை அழுத்தினால் ஆறு கோடும் வந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு தடவை அழுத்தலாம், அதுதான் சிக்கல். நான்காவது குவாவான மெங் இதை நேராகவே சொல்கிறது: முதல் தடவை கேட்டால் சொல்வேன், இரண்டாம் மூன்றாம் தடவை கேட்பது தொந்தரவு, தொந்தரவுக்குச் சொல்ல மாட்டேன். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பதற்றம் உங்களுக்கு இருந்தால் செயலியைத் தொடாதீர்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியதை எந்த முறையிலும் கேட்காதீர்கள்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம்மில் பலர் படிப்பது ரிச்சர்ட் வில்ஹெல்ம் 1924-இல் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பின் ஆங்கில வடிவம், 1950-இல் வந்தது. உளவியலாளர் கார்ல் யுங் முன்னுரை எழுதியது அதற்குத்தான். அருமையான உழைப்பு. ஆனால் பதினேழு எழுத்துக்குப் பின்னால் பக்கக்கணக்கில் விளக்கம் இருக்கும். முதலில் மூல வாசகத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, மனசில் பட்டதை எழுதுங்கள். அப்புறம் விளக்கத்துக்குப் போங்கள். விளக்கம் நம் யோசனையை முந்திக்கொண்டு போய்விடும்.

ஆக, என் வீட்டில் நடப்பது இதுதான். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ பெரிய கேள்விகளுக்குத் தண்டு. மற்றதற்கு நாணயமும் ஒரு நோட்டுப் புத்தகமும். “போகலாமா?” என்று கேட்காமல், “இதில் நான் எதைப் பார்க்காமல் விடுகிறேன்?” என்று கேட்பேன். சோவ் வம்சத்துக்கு முன்னால் ஆண்ட ஷாங் வம்ச அரசர்கள் எலும்பிலும் ஆமை ஓட்டிலும் குறி பார்த்தபோது ஒரே விஷயத்தை ‘நடக்கும்’ என்று ஒரு தடவையும் ‘நடக்காது’ என்று ஒரு தடவையும் பொறித்துவைத்தார்கள். அந்த வழக்கத்தை நானும் எடுத்துக்கொண்டேன். இரண்டு விதமாகவும் எழுதிய பிறகே நாணயத்தைத் தொடுகிறேன்.

யீ ஜிங்கை நன்றாக அறிந்தவர் குறி பார்ப்பதில்லை என்று பழைய சீனத் தத்துவ அறிஞர் ஷுன்ஸியின் பெயரில் வரும் நூலில் ஒரு வரி உண்டு. நான் அந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் போன மாதம், அம்மாவை சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்வது பற்றிக் கேள்வி எழுத உட்கார்ந்தேன். நான்கு தடவை அடித்து அடித்து எழுதினேன். நான்காவது தடவை எழுதியதைப் படித்துப் பார்த்தால், அதில் நான் இருந்தேன், அண்ணன் இருந்தார், வீட்டு வாடகை இருந்தது. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பது எங்குமே இல்லை. நாணயங்களைப் பைக்குள் போட்டுவிட்டு ஈப்போவுக்கு போன் போட்டேன்.